கிணறு உவர்த்த பங்குனி

இந்தப் பங்குனியில் எங்கள் கிணறு உவர்த்துவிட்டது. முதலில் அதைக் காட்டிக்கொடுத்தது காலைத் தேத்தண்ணீர். மகன் ஒரு வாய் குடித்தான், கோப்பையைக் கீழே வைத்தான், ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான். சீனிப் போத்தலுக்குப் பதிலாக உப்புப் போத்தலைத் திறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு வாளித் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். கடல்நீர்போல் இல்லை. ஆனால் விழுங்கிய பின்னும் நாக்கின் ஓரத்தில் ஒரு கனம் தங்கி நின்றது.

நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்துக் கோப்பாய். எங்கள் வளவிலிருந்து கிழக்கே போனால் வயல் வரும், அதற்கப்பால் தரவை, அதற்கும் அப்பால் உப்பாற்றுக் கடல்நீரேரி. அப்படி இருந்தும் ஒழுங்கையில் நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்த கிணறு எங்களுடையது. கலியாண வீடு என்றால் தேத்தண்ணீருக்கு இங்கே வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

அன்று பின்னேரம் விறாந்தையில் ஐந்து பேர் கூடிவிட்டார்கள். பெரியப்பா தன் பிரம்புக் கதிரையில் இருந்தபடி சொன்னார்: "அறுபது வருஷமாக இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன், பிள்ளை. ஒரு கோடையிலும் உவர்த்ததில்லை. நாலு நாளில் தெளிந்துவிடும்." மச்சாள் விடவில்லை. "பின்வளவில் மாசியில் குழாய்க்கிணறு அடித்தார்கள். பங்குனியில் நமது கிணறு உவர்க்கிறது. இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?" சின்ன மாமா இன்னும் பத்தடி ஆழமாக்கச் சொன்னார். தொட்டனைத்தூறும் மணற்கேணி என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார், தோண்டத் தோண்ட நல்ல நீர் வரும் என்பது அவருடைய முடிவு. முன்வீட்டு அக்கா நிலாவரைக் கிணற்றுக் கதையைக் கொண்டுவந்தார். நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்ததாம்; நிலத்துக்கு அடியில் எல்லாக் கிணறும் ஒன்றோடொன்று தொடுப்பாம்; எங்கேயோ யாரோ செய்த பிழை இங்கே வந்து உவர்க்கிறதாம்.

மகன் பொறியியல் படிக்கிறான். அவன் ஒரு கடுதாசியை எடுத்துக் கணக்குப் போட்டான். நன்னீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே நிலத்தடியில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது உவரை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறும். "இந்த வருஷம் வெங்காயத்துக்கு மோட்டாரை இரண்டு மடங்கு நேரம் ஓட்டினோம், அம்மா. மட்டம் இறங்கியது. உவர் ஏறியது. பழி பின்வளவில் இல்லை, நம்மிடம்தான்."

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் சண்டை. பெரியப்பா மகனிடம், நீ கொப்பியில் பார்த்தவன், நான் கிணற்றில் பார்த்தவன் என்றார். மகன் பெரியப்பாவிடம், அறுபது வருஷம் நடக்காதது அறுபத்தோராம் வருஷம் நடக்காது என்று எந்த விதி சொல்கிறது என்று கேட்டான். மச்சாள் சின்ன மாமாவிடம் திருக்குறளில் நம் கிணறு எங்கே இருக்கிறது என்றாள். எல்லாரும் எல்லாரிடமும் கேட்டது ஒன்றுதான்: ஆதாரம் என்ன?

நான் இருபத்தாறு வருஷம் உயர்தரக் கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கு, வாதங்களை ஆராயும் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பித்தவள். அந்த விறாந்தையில் நடந்தது எனக்குத் துயரமாக இருந்தது. ஏனென்றால் ஐந்து பேரிலும் ஒருவர்கூட முட்டாள்தனமாகப் பேசவில்லை. ஆளுக்கு ஒரு வகை வாதத்தை வைத்திருந்தார்கள். ஒருவர் வாதத்தை இன்னொருவர் தன் வாதத்துக்கு உரிய கோலால் அளந்துகொண்டிருந்தார்.

அளவையியல் என்ற பெயரே இதைத்தான் சொல்கிறது. அரிசியைக் கொத்தால் அளக்கிறோம், காணியைப் பரப்பால் அளக்கிறோம். காணியைக் கொத்தால் அளக்கப் புறப்படுபவர் யாழ்ப்பாணத்தில் எவரும் இல்லை. ஆனால் வாதம் என்று வந்தவுடன் ஒரே ஓர் அளவையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளக்கிறோம். ஒரு வாதம் சரியா பிழையா என்று கேட்பதற்கு முன், இது எந்த வகை என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வகையும் உடையும் இடம் வேறு. தண்ணீர் இறைக்கிற துலா அச்சில் முறியும், கயிறு உரசுகிற இடத்தில் தேயும், வாளி அடியில் ஓட்டையாகும். வாளி ஒழுகும்போது அச்சுக்கு எண்ணெய் விட்டு என்ன பயன்?

மகனுடையது உய்த்தறி வாதம். அவன் வைத்த கூற்றுகள் உண்மையானால் முடிவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும், தப்பவே முடியாது. அவனை மறுக்க விரும்புபவர் முடிவோடு மோதக்கூடாது. கூற்றுகளில் கை வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் சொல்லாமல் விட்ட கூற்று ஒன்று இருந்தது: நிலத்தடி எங்கும் மணல்போல ஒரே சீராக இருக்கிறது என்பது. எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல். வெடிப்பும் குகையுமாக இருக்கிற கல். ஒரு வெடிப்பு வழியே உவர் ஒரு கிணற்றுக்கு ஏறிவிடும், அடுத்த கிணற்றுக்கு ஏறாமலும் இருக்கும். அதைக் கேட்டிருந்தால் அவன் கடுதாசியைத் திருப்பி வைத்து யோசித்திருப்பான். யாரும் கேட்கவில்லை. நீ சின்னப் பிள்ளை என்றுதான் சொன்னார்கள்.

பெரியப்பாவுடையது தொகுத்தறி வாதம், கண்டவற்றைத் தொகுத்துப் பொது முடிவுக்கு வருவது. அறுபது கோடைகள் என்பது சிறிய தொகை இல்லை. அதைக் கொப்பியில் இல்லாத அறிவு என்று தள்ளியது மகனின் பிழை. இந்த வகையிடம் விதியைக் கேட்கக்கூடாது, ஏனென்றால் இது விதி தருவதாகச் சொல்லவே இல்லை. இதனிடம் கேட்க வேண்டியது, அந்த அறுபது வருஷமும் நிலைமை ஒன்றாக இருந்ததா என்பது. இருக்கவில்லை. அவர் இளமையில் இந்தக் கிணற்றில் துலா நின்றது. ஒரு மனிதன் ஒரு நாளில் மிதித்து இறைக்கக்கூடிய தண்ணீருக்கு ஓர் எல்லை இருந்தது. இன்று பொத்தானை அமத்திவிட்டு உறங்கப் போகிறோம்.

சின்ன மாமாவின் வாதம் உவமானம். குறளில் மணற்கேணி வருவது கல்வியை விளக்குவதற்காக. அவர் அதைத் திருப்பிப் பிடித்துக் கேணியைப் பற்றிய சான்றாக ஆக்கிவிட்டார். உவமானம் எதில் ஒத்திருக்கிறது, எதில் வேறுபடுகிறது என்று பார்த்தால் போதும். அது மணற்கேணி; இது உவரின் மேல் மிதக்கும் நன்னீரைக் கொண்ட கல்லுக்கிணறு. இங்கே பத்தடி தோண்டினால் உவருக்குப் பத்தடி கிட்டப் போகிறோம்.

மச்சாளின் வாதத்துக்கு நம் ஊரில் பழமொழியே உண்டு. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது. அதற்காக அவள் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. காகம் இருந்ததாலும் ஒருநாள் பழம் விழலாம். முன்னும் பின்னும் மட்டும் போதாது, காகத்தை எழுப்பிவிட்டுப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் மேலைநாட்டுப் பாடம், நமக்கு எதற்கு என்று கேட்ட பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மணிமேகலையின் இருபத்தேழாம் காதையைச் சொல்வேன். வஞ்சி நகரில் மணிமேகலை மாதவ வடிவம் கொண்டு ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உங்கள் பொருள் என்ன என்று கேட்கிறாள். முதலில் அவள் சந்திப்பது அளவைவாதியை. அறிவு வரும் வழிகள் பத்து என்று அவர் எண்ணிக் காட்டுகிறார். அதில் கருதல், அதாவது அனுமானம், என்பதை மூன்றாகப் பிரிக்கிற இடம் எனக்கு உயிர். காட்டில் யானையின் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டு என்று அறிவது ஒன்று. வெள்ளத்தைக் கண்டு மழை பெய்தது என்று சொல்வது இன்னொன்று. கருமுகிலைக் கண்டு மழை பெய்யும் என்று சொல்வது மூன்றாவது.

இதை வகுப்பில் படிப்பிக்கும்போது பிள்ளைகள் முதலில் மூன்றும் ஒன்றுதானே என்பார்கள். நான் அவர்களை வன்னிக்கு அழைத்துப்போவேன், பேச்சில்தான். இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறந்துவிட்டால் மழை விழாத இடத்திலும் வெள்ளம் வரும். ஆகவே விளைவிலிருந்து காரணத்துக்குப் போகிறவர், இதே விளைவைத் தரக்கூடிய வேறு காரணங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். முகில் வேறு கதை. ஆவணியில் எத்தனை கருமுகில் நம் தலைக்கு மேலால் சும்மா போகிறது! காரணத்திலிருந்து விளைவுக்குப் போகிறவர், இடையில் என்ன தடுக்கலாம் என்று எண்ண வேண்டும். திசை மாறினால் கேட்க வேண்டிய கேள்வியும் மாறும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிள்ளை பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை.

இதைச் சொல்லிக்கொடுத்த நானே ஒருமுறை ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்தேன்.

தவணைப் பரீட்சை. தொகுத்தறி முறை பற்றிய வினா. காரணத்தைக் கண்டுபிடிக்க ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் ஸ்டூவர்ட் மில் 1843 இல் வெளியிட்ட ஐந்து முறைகளையும் எழுத வேண்டும். ஒற்றுமை முறை, வேற்றுமை முறை, இரண்டும் சேர்ந்த கூட்டு முறை, எச்ச முறை, உடனியல் மாறல் முறை. முன்வாங்கில் இருந்த கெட்டிக்காரப் பிள்ளை நான்கை எழுதி, எச்ச முறையை விட்டிருந்தாள். மில் என்பதை மில்லர் என்று எழுதியிருந்தாள். அவளுக்கு நேர் பின்னால் இருந்த பிள்ளையின் தாளிலும் அதே நான்கு, அதே வரிசை, அதே மில்லர். பின்னால் இருந்தவள் தீவகத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் நின்று படித்தவள். முந்திய தவணைகளில் சாதாரணப் புள்ளிகள்.

வெள்ளத்தைக் கண்டேன், மழை என்றேன். பின்னால் இருந்தவள் பார்த்து எழுதினாள் என்று முடிவு செய்து அந்த வினாவுக்குப் பூச்சியம் போட்டேன். வகுப்பில் எழுப்பி நிறுத்தியும் கேட்டேன். "இல்லை, ரீச்சர்" என்றாள். இரண்டாம் முறை கேட்டபோது பேசவில்லை. அந்த மௌனத்தையும் நான் சான்றுகளோடு சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மற்ற வகுப்பின் தாள்கள் என் கைக்கு வந்தன. அங்கே ஒரு பையன், வேறு மண்டபத்தில் வேறு நாளில் எழுதியவன், அவனும் மில்லர் என்று எழுதியிருந்தான். எச்ச முறை அவனிடமும் இல்லை. அவனைக் கூப்பிட்டு எங்கே படித்தாய் என்று கேட்டேன். தனியார் வகுப்பு ஒன்றில் கொடுத்த போட்டோப் பிரதிக் குறிப்பைக் காட்டினான். அதில் மில்லர் இருந்தார். நான்கு முறைகள் இருந்தன. மூன்று பேரும் அங்கே போனவர்கள்.

புள்ளியைத் திருத்தினேன். வகுப்பின் முன்னால் என் பிழையைச் சொன்னேன். ஆனால் பத்து நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூட முற்றத்தில் தனியே சாப்பிட்டதை எந்தத் திருத்தத்தாலும் எடுக்க முடியவில்லை. நான் எங்கே பிழைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒத்த பிழைக்குப் பொதுவான மூலம் ஒன்று இருக்கும் என்று நினைத்தது பிழையில்லை. அது நல்ல ஊகம். பிழை, ஒரேயொரு மூலத்தைக் கண்டவுடன் எண்ணுவதை நிறுத்தியது. அதைவிடப் பெரிய பிழை, விளைவிலிருந்து காரணத்தை ஊகித்த ஒரு வாதத்துக்கு உய்த்தறி வாதத்தின் உறுதியைக் கொடுத்து, அந்த உறுதியோடு ஒரு பிள்ளையைத் தண்டித்தது. ஊகத்தின் பேரில் விசாரிக்கலாம். பூச்சியம் போடக்கூடாது.

அவள் இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். போன வருஷம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கண்டேன். கதைத்துக்கொண்டிருக்கும்போது அந்த நாளைப் பற்றி நானே எடுத்தேன். "அந்தப் பையனிடம் கேட்டதை என்னிடம் கேட்டிருந்தால் நானும் கொப்பியைக் காட்டியிருப்பேன், ரீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பயற்றங்காய்க் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அதனால்தான் ஒரு பழமொழியைக் கேட்கும்போது என் உடம்பு பதறுகிறது. நெருப்பில்லாமல் புகையாது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருக்கிறாள். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. கடை பூட்டிக் கணக்கு ஒப்படைத்துவிட்டு வர இருட்டிவிடும். அவளுக்குச் சரிவந்த சம்பந்தம் ஒன்று சித்திரையில் குழம்பிப்போனது. காரணம் கேட்டபோது ஊரில் ஏதோ கதைக்கிறார்கள் என்றார்கள். என் முன்னால் ஒருவர் மிக நிதானமாகச் சொன்னார்: "ஐந்து வீட்டில் சொல்கிறார்கள், ரீச்சர். நெருப்பில்லாமல் புகையுமா?"

புகையைக் கண்டு நெருப்பை அறிவது இந்தியத் தருக்கத்தின் பேர்பெற்ற பழைய எடுத்துக்காட்டு. மலையில் புகை, ஆகவே மலையில் நெருப்பு. அந்த வாதம் நிற்பதற்கு இரண்டு கால்கள் உண்டு. ஒன்று, புகையை நான் என் கண்ணால் காண்கிறேன். மற்றது, புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை அடுப்படியில் ஆயிரம் முறை கண்டிருக்கிறேன். ஊர்க்கதையில் இந்த இரண்டு காலும் இல்லை. கதை புகை இல்லை. அது ஒருவர் வாய்ச்சொல். கதை இருக்கும் இடமெல்லாம் குற்றமும் இருக்கும் என்று எந்த அடுப்படியில் கண்டோம்? நெருப்பு மூட்டாமலே கதையை எவரும் எழுப்பலாம். பழமொழி செய்கிற வேலை என்னவென்றால், ஓர் உவமானத்தைக் கொண்டுவந்து, மிகப் பலமான ஓர் அனுமானத்தின் உடுப்பை வெறும் கேள்விச் செய்திக்குப் போட்டுவிடுவது. உடுப்பைப் பார்த்து எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

மணிமேகலையின் அளவைவாதி இந்த வகைக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்: ஐதிகம். இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதைக் கேட்டுத் தெளிவதுதான் அவர் தரும் உதாரணம். அதைக் கருதலோடு அவர் கலக்கவில்லை. நிலாவரை எலுமிச்சம்பழமும் ஐதிகந்தான். நயினாதீவுதான் மணிமேகலையில் வரும் மணிபல்லவத் தீவு என்று நான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்ததிலும் ஐதிகத்தின் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். ஐதிகம் எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி, முதலில் கண்டவர் யார் என்பது.

நான் கேட்டுக்கொண்டு போனேன். மூன்று பின்னேரங்கள் ஆயின. ஐந்தாம் வீட்டுக்குச் சொன்னது மூன்றாம் வீடு. மூன்றாம் வீட்டுக்கும் நான்காம் வீட்டுக்கும் சொன்னது இரண்டாம் வீடு. எல்லாம் ஓர் ஆளில் போய் நின்றது. ஐந்து சாட்சிகள் என்று நினைத்தவை ஒரு சாட்சியின் ஐந்து எதிரொலிகள். அந்த ஒருவர் கண்டது, இரவு ஏழரைக்கு பஸ் தரிப்பிடத்தில் அந்தப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவருடன் நின்று கதைத்ததை. அவ்வளவுதான் கண்டது. மிச்சம் முழுவதும் ஒழுங்கை சேர்த்தது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் யார் என்று நான் அந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை. அந்த ஐந்து வீட்டுக்கும் திரும்பப் போய், நீங்கள் சொன்னதை யார் கண்டார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். இரண்டு வீட்டில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு வீட்டில் அந்தத் தாய் அழுதார். தன் மகளும் அதே பஸ்ஸில்தான் வருகிறாளாம்.

கிணற்றுக்கு வருகிறேன். ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டைத் தாண்டினால் நாக்குக்குத் தெரியத் தொடங்கும் என்பார்கள், எங்களுடையது தாண்டியிருந்தது. அறிக்கையைக் கண்டதும் பெரியப்பா வாயடைத்துப்போனார். நான் மகனிடம், எங்கே அள்ளினாய் என்று கேட்டேன். மேல்தொட்டிக் குழாயிலாம். நிபுணர் சொல்லையும் கேட்கத்தான் வேண்டும், ஆனால் நிபுணர் சோதித்தது நாம் அனுப்பியதை. திரும்பவும் கிணற்றிலேயே அள்ளிக் கொடுத்தோம். அதிலும் கூடத்தான் இருந்தது.

சித்திரையில் நாங்கள் மோட்டாரை இரண்டு மணித்தியாலமாகக் குறைத்தோம். பின்வளவுக்காரர் நல்ல மனிதர்; நாங்கள் கேட்காமலே இரண்டு கிழமை தங்கள் பம்பை நிறுத்தினார். அதே நாட்களில் இடியோடு இரண்டு பாட்டம் மழையும் பெய்தது. வைகாசி நடுவில் தேத்தண்ணீர் பழைய ருசிக்கு வந்தது. மகன் தன் கணக்கு சரி என்றான், மச்சாள் தன் சந்தேகம் சரி என்றாள், பெரியப்பா நாலு நாளில் தெளியும் என்று சொன்னேனே என்றார். மில்லின் வேற்றுமை முறைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றவையெல்லாம் முன்போல இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக மாறியதால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை விறாந்தையில் சொன்னபோது ஐந்து பேரும் ஒத்துக்கொண்டார்கள்; பெரியப்பா கொஞ்சம் நேரமெடுத்து.

இப்போது கிணற்றுக் கட்டில் ஒரு கொப்பி தொங்குகிறது. காலையில் கயிற்றை விட்டு எத்தனையாம் முடிச்சில் நனைகிறது என்று மகன் எழுதுகிறான். ருசியை மச்சாள் எழுதுகிறாள், ஏனென்றால் வீட்டில் அவளுடைய நாக்குத்தான் நுட்பமானது. மழை பெய்த நாளைப் பெரியப்பா குறிக்கிறார். வருகிற மாசியில் பின்வளவுப் பம்ப் வழக்கம்போல ஓடும், நாங்கள் மட்டும் இரண்டு மணித்தியாலத்தோடு நிறுத்துவோம் என்று பேசி வைத்திருக்கிறோம். வெங்காயம் இந்த முறை ஒரு பரப்பில் மட்டும்.